ஒரே வயரில் இரண்டு துரைமார்

என் வீட்டுக்காரர் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவார். ஹட்டனில் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஆயுத பூஜை வந்தால் ஆம்பிளிபயர், மைக், ஹார்ன், ஹார்னைக் கட்டும் கயிறு, ஜெனரேட்டர், அதற்கு எண்ணெய் ஊற்றும் புனல் என்று எல்லாவற்றையும் முன்னறையில் பரப்பி, சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, அவர் பண்ணுகிற அமர்க்களத்தில் வீட்டுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. கல்யாணமான முதல் வருஷம் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் நெற்றியிலும் ஒன்றை வைத்துவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விட்டார்.

நான் அப்போது டவுனில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் டீச்சராக இருந்தேன். எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே என் நச்சரிப்பால்தான். ஹட்டனின் பனிக்கும் மழைக்கும் கேசட் தாங்காது, டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். திருவிழா நடுவில் அம்மன் பாட்டு இழுத்து இழுத்து ஓடி நின்றுபோக, ஜனம் சிரிக்க, இவர் முகம் சுருங்கிப்போய் வீட்டுக்கு வருவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் மிச்சம் மீதி கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஆரம்பித்தேன். வகுப்பு முடிந்து வந்து சோறாக்கிக்கொண்டே ஒரு கேசட்டை ஓடவிடுவேன். ஒரு டிஸ்க் நிறைந்து, இன்னொன்றும் வாங்கிப் பூட்டினோம். இப்படி வருஷக்கணக்கில் சேர்ந்தவை எங்கள் பாட்டுகள்.

கம்ப்யூட்டருக்கு முதல் ஆயுத பூஜை வந்தபோது பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்தேன். அது போதாது என்றார் வீட்டுக்காரர். அவருடைய அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். அங்கே மெஷினுக்கு மூடியைக் கழற்றி உள்ளேதான் பொட்டு வைப்பார்களாம்.

"வேலை செய்யிறது உள்ள இருக்கிறதுதான புள்ள? வெளிய இருக்கிறது தகரம்" என்றார்.

பெட்டியின் பக்கத்துத் தகரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். டிஸ்க் கூட்டுக்குள் செருகியிருந்ததால் அதன் பின்பக்கம் மட்டுமே வெளியே தெரிந்தது. அதிலும் ஒரு பக்கம் பட்டை வயர், மறுபக்கம் கரண்ட் வயர். இரண்டுக்கும் நடுவில் நகத்தளவு இடம் சும்மா கிடந்தது. இவர் விரல் நேராக அங்கே போனது. ஒவ்வொரு வருஷமும் அங்கேயே போனது, இரண்டாவது டிஸ்க் வந்த பிறகு அதிலும் அதே இடத்துக்கு. மற்ற சாமான்களின் பொட்டை மழையே கழுவிவிடும். பெட்டிக்குள் மழை பெய்யாததால் பழையதன் மேலேயே புதியது ஏறி, காய்ந்து, கட்டி தட்டிப் போயிருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, நான் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கமிட்டி கூடியது. என் அப்பாதான் தலைவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கங்காணி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, சாதாரணமாகப் பேசினாலே அடுத்த லயத்து வீடுகளில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். டவுனில் புதிதாக வந்திருந்த பெரிய பெட்டி ஸ்பீக்கர்காரர்களைப் பேசலாம் என்று கமிட்டிச் செயலாளர் சொல்லியிருக்கிறார். கலர் லைட்டெல்லாம் உண்டாம். அதற்கு அப்பா எழுந்து நின்று, "என் மருமகனோட செட்டுதான் வரும். இந்தத் தோட்டத்துல யாரு எந்தப் பாட்டக் கேட்டாலும், கேட்ட நேரத்துல வரும். வரலன்னா அடுத்த வருஷம் நான் தலைவரா நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதை எங்களுக்கு வந்து சொன்னது அப்பா இல்லை. டவுனுக்குச் சாமான் வாங்க வந்த, அப்பாவின் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மனுஷனுக்கு அந்தக் கோயிலும் அந்தப் பதவியும்தான் மிச்சம். அதைக் கொண்டுபோய் என் டிஸ்க்கின் மேல் வைத்துவிட்டாரே என்று கோபம் கோபமாக வந்தது.

கோபம் ஆறுவதற்குள் பங்குனி இடி வந்தது. பொல்பிட்டியவில் பிறக்கிற கரண்ட் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது ஒன்று நொண்டிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் வெறி பிடித்து வரும். அன்று வெறி. பெட்டிக்குள் சடக்கென்று ஒரு சத்தம், கரிந்த வாடை, அவ்வளவுதான். மதர்போர்டு போயே போய்விட்டது.

டிஸ்க் இரண்டையும் கழற்றி வகுப்பிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தேன். ஓடின. அப்படியே வயரோடு கட்டிப்பிடித்துக் கொஞ்சத் தோன்றியது. அதிலேயே வைத்துப் பாட்டுப் போடலாம்தான், ஆனால் வகுப்புச் சாமானைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்குவதென்று முடிவாகி, இவர் டிஸ்க்குகளைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினார்.

சண்டைக் காலம் அது. வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பை பார்த்தார்கள். துவாயை விரித்த ஆமிக்காரப் பையன், இரும்புக் கட்டி போல இரண்டைக் கண்டதும் பின்வாங்கினானாம். இவருக்குச் சிங்களம் நன்றாக வரும், அன்றைக்கு மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது. "தெய்யன்கே சிந்து மாத்தயா, தெய்யன்கே சிந்து" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சாமிப் பாட்டு ஐயா, சாமிப் பாட்டு. அந்தப் பையன் திருப்பிப் பார்த்திருக்கிறான். சந்தனமும் குங்குமமும் தெரிந்தது. துவாயை மறுபடி சுற்றி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தானாம். இதை இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், பொட்டின் மகிமையாம்.

கண்டிக் கடைக்காரனிடம் அந்த மகிமை செல்லவில்லை. புதுக் கம்ப்யூட்டரை விற்றான். பழைய டிஸ்க்கைப் பார்த்துச் சிரித்தான். இதெல்லாம் இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லை, ஒரு வாரம் விட்டுவிட்டுப் போனால் பார்க்கிறேன் என்றான். இவர் விட்டுவிட்டு வருவாரா? பெண்டாட்டியை வேண்டுமானால் விட்டுவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. காலையிலேயே புதுப் பெட்டியைத் திறந்து தரையில் வைத்தேன். திறந்ததும் எனக்கு உள்ளுக்குள் சப்பென்று போய்விட்டது. புது டிஸ்க்குக்கு வருகிற வயர் சிவப்பாக, ரிப்பன் மாதிரி ஒல்லியாக இருந்தது. அதைச் செருகும் வாய் மதர்போர்டில் வரிசையாக இருந்தது. எங்கள் டிஸ்க்குகளுக்கு வேண்டியது அகலப் பட்டை வயர். அந்த வயருக்கான நீளமான வாய் மதர்போர்டின் ஓரத்தில் ஒன்றே ஒன்று. பழைய போர்டில் இரண்டு இருந்தன, ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். இந்த ஒன்றிலும் சீடி எழுதும் பெட்டி உட்கார்ந்திருந்தது.

சீடியைக் கழற்றி ஓரம் கட்டினேன். பட்டை வயரில் இரண்டு முடிச்சு உண்டு, அதாவது இரண்டு பேர் ஒரே வயரில் தொங்கலாம். இரண்டு டிஸ்க்கையும் தொங்கவிட்டேன். கரண்ட் கொடுத்தேன். ஸ்கிரீன் கொஞ்ச நேரம் யோசித்தது. புது டிஸ்க்கின் பெயரைச் சொன்னது. எங்களுடையது இரண்டும் இல்லவே இல்லை என்றது.

"செத்துப் போச்சா?" என்றார் இவர். குரல் மாறியிருந்தது.

"சாகல. ரெண்டும் பெரிய துரைன்னு நெனச்சுக்கிட்டு நிக்குது."

விஷயம் அதுதான். ஒரு வயரில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று மூத்தது, மற்றது அதற்கு அடங்கினது என்று நாம் சொல்லிவைக்க வேண்டும். டிஸ்க்கின் பின்பக்கம் சின்னச் சின்ன ஊசிகள் இருக்கும். அதில் நெல்லளவு பிளாஸ்டிக் தொப்பி ஒன்று. அந்தத் தொப்பி எந்த ஊசியில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பதவி. இதுவரை ஆளுக்கொரு தனி வயரில் இருந்ததால் இரண்டும் மூத்ததாகவே இருந்துவிட்டன.

"ஒரு தோட்டத்துக்கு ரெண்டு பெரிய துரை இருந்தா யாரு பேச்ச யாரு கேப்பா? ஒருத்தர சின்னத் துரையாக்கணும்" என்றேன். இவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வகுப்பில் இதை விளக்க நான் அரை நாள் எடுப்பேன்.

தொப்பியை மாற்றலாம் என்று டிஸ்க்கைத் திருப்பினேன். ஊசியும் இல்லை, தொப்பியும் இல்லை. இருந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாகச் சந்தனக் கட்டி. மற்றதைத் திருப்பினேன், அதிலும் அப்படியே. இரண்டு வயருக்கும் நடுவில் சும்மா கிடந்த அந்த நகத்தளவு இடம் இதற்குத்தான் விடப்பட்டிருந்தது.

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

வீட்டில் காய்ச்சலுக்கு நெற்றியில் போட வைத்திருந்த ஓடிகொலோன் போத்தலை எடுத்துவந்து பஞ்சை நனைத்தேன். தண்ணீர் பட்டால் ஆபத்து, இது உடனே காய்ந்துவிடும். பஞ்சைக் கிட்டே கொண்டுபோனதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்ட அழிக்காத புள்ள."

"என்னாங்க?"

"வேற ஏதாச்சும் வழி பாரு. பொட்ட மட்டும் அழிக்காத."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தாலி என் கழுத்துல கெடக்கு. பொட்டு அழிஞ்சா பயப்பட வேண்டியவ நானு. நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்று கத்தினேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, பஞ்சைப் பிடித்த கை அதற்கு மேல் போகவில்லை. நான் படித்தவள், நாலு பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள், ஆனால் கை போகவில்லை. இவர் வேலை தரையில் செய்கிற வேலை இல்லை. ஹார்னை உயரக் கட்டினால்தான் மலைக்கு மலை கேட்கும் என்று டர்பன்டைன் மரத்தின் உச்சிவரை ஏறுவார். மழையில் மரம் வழுவழுவென்று இருக்கும். முந்தின வருஷம் பட்டிப்பொல பக்கம் ஒரு தோட்டத்தில் வழுக்கி விழுந்து, கை மட்டும் சுளுக்கிக்கொண்டு தப்பி வந்தார். டிஸ்க்குக்குப் பொட்டு வைத்த மறு வாரம் அது நடந்ததால் அந்தப் பொட்டுதான் காப்பாற்றியது என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கு அப்படி ஒரு நம்பிக்கையும் இல்லை. ஆனால் அவர் மரத்தில் இருக்கும் நேரமெல்லாம் நான் வீட்டில் எதையும் உருப்படியாகச் செய்வதில்லை. எனக்கு அந்த மனுஷன் வேண்டும். அதுதான் உண்மை.

இந்த நேரத்தில்தான் அப்பா வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வந்தவர், காய்கறிப் பையோடு வாசலில் நின்று தரையைப் பார்த்தார்.

"என்னா தாயி, கொடலெல்லாம் உருவிப் போட்டிருக்க?"

"புதுசுல பழைய டிஸ்க்க மாட்டுறேன்ப்பா."

"பாட்டு வந்துருமா?"

"வந்துரும்ப்பா."

அப்பா இவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இரண்டிலும் நல்ல சேதி எழுதியிருக்கவில்லை. கமிட்டியில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போஞ்சியும் லீக்ஸும் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, டீ கூட வேண்டாம் என்று, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அப்பா போன பிறகு சாமி மாடத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் படங்களையெல்லாம் இறக்கி, பழைய சந்தனத்தைத் துடைத்து, புதியது வைப்பது நான்தான். அம்மனுடைய பொட்டையே வாரா வாரம் என் கையால் எடுக்கிறேன். அதை யாரும் அழிக்கிறது என்று சொன்னதில்லை.

"எந்திரிங்க. மொதல்ல புதுச் சந்தனத்தக் கொழைங்க" என்றேன்.

"எதுக்கு?"

"வெள்ளிக்கெழம படத்துக்குச் செய்யிறதுதான். நீங்க வெரல்ல பொட்டோட ரெடியா நில்லுங்க. நான் பழச எடுக்க எடுக்க நீங்க புதுச வச்சிருங்க. இது அழிக்கிறது இல்ல, மாத்துறது."

யோசித்தார். பிறகு போய் முகம் கழுவி, திருநீறு பூசி, சந்தனக் கிண்ணத்தோடு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆபரேஷன் தியேட்டர்தான். நான் பஞ்சால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தேன். வருஷங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து வந்தன. முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு மறுபடி சிவப்பு. வீடெல்லாம் ஓடிகொலோனும் சந்தனமும் கலந்து மணத்தது. கடைசியில் ஊசிகள் பளிச்சென்று தலை நீட்டின. புருவ முடி எடுக்கும் இடுக்கியால் ஒன்றின் தொப்பியைப் பிடுங்கி, டிஸ்க்கின் மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பக்கத்து ஊசிக்கு மாற்றினேன். சின்னத் துரை தயார்.

"வைக்கவா?" என்றார், விரலை நீட்டியபடி.

"அந்த எடத்துல வச்சீங்கன்னா வெரல ஒடிச்சிருவேன். இங்க வைங்க" என்று பக்கவாட்டுத் தகரத்தைக் காட்டினேன். முனகிக்கொண்டே வைத்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று மதர்போர்டுக்கும் ஒன்று வைக்கப் போனவரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

கரண்ட் கொடுத்தேன். ஸ்கிரீனில் புது டிஸ்க்கின் பெயர் வந்தது. அதற்குக் கீழே பழையது ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று. இவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை, அழுதுவிட்டேன். முதல் பாட்டைப் போட்டதும் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, திருவிழா தொடங்கிவிட்டதா என்று கேட்டார்.

சித்திரையில் திருவிழா. கோயிலுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு என்னைக் கம்ப்யூட்டருக்கு முன் உட்காரவைத்தார்கள். இவர் மரத்தில் ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பா சொன்ன சொல் தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. ஆளாளுக்கு வந்து ஜன்னலில் நின்று பாட்டுக் கேட்டார்கள். ஒருவர் முருகன் பாட்டுக் கேட்டார், வந்தது. ஒரு அக்கா தன் கல்யாணத்தன்று போட்ட பாட்டைப் பாதி ஞாபகத்தில் சொன்னாள், தேடி எடுத்துக் கொடுத்தேன். செயலாளர் வந்து வந்து பழசாகப் பழசாகக் கேட்டார். நானும் சளைக்கவில்லை. ஒவ்வொன்றும் வர வர அப்பா கோயில் வாசலில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். அன்று முழுக்க எனக்கிருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

சாயங்காலம் ஆற்றங்கரையில் கரகக் குடத்துக்குப் பூச்சுற்றி, கரகம் பாலித்து, ஜனமெல்லாம் தப்பு மேளத்தோடு மேலே ஏறி வந்தது. கரகம் கோயில் முன் வந்து நின்றதும் செயலாளர் ஜன்னலுக்கு வந்தார். முன்னொரு காலத்தில் கரகம் வந்து நிற்கும்போது போடுகிற பாட்டு ஒன்று உண்டு, அதைப் போடச் சொன்னார். அவர் கேட்டதில் வம்பு இல்லை, அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

எனக்கு அந்தப் பாட்டு தெரியும். சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பெரிய துரையில் தேடினேன், இல்லை. சின்னத் துரையில் தேடினேன், இல்லை. பூஞ்சணம் பிடித்துத் தூக்கியெறிந்த கேசட்டுகளில் போயிருக்க வேண்டும். தப்பு நின்றது. ஜனமெல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றது. செயலாளர் என்னையே பார்த்தார். நான் ஜன்னல் வழியாக அப்பாவைத் தேடினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை இரண்டு பக்கமும் அசைத்தேன்.

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைக்குக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார், பதவியை விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மைக்கைப் பிடித்தார், தொண்டையைக் கனைத்தார், அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்.

சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடுகிற அதே குரலில் அம்மனைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் எக்கோவை ஏற்றிவிட்டார். ஜனம் முதலில் சிரித்தது. பிறகு தப்புக்காரர்கள் எப்படியோ அவரைத் துரத்திப் பிடித்தார்கள். இரண்டாவது அடியில் கிழவிகள் சேர்ந்துகொண்டார்கள், மூன்றாவதில் செயலாளரே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் பாடினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். கமிட்டியில் எழுந்து நின்று அவர் ஜாமீன் கொடுத்தது பாட்டுக்கு இல்லை, எனக்கு.

பாடி முடித்து மூச்சு வாங்க மைக்கைப் பிடித்தபடியே சுற்றிப் பார்த்தார்.

"ம்ம், வேற யாருக்கு என்னா பாட்டு வேணும்?"